பழைய கிராண்ட் பியானோ: புதுப்பிப்பதா, பழுது பார்ப்பதா, விட்டுவிடுவதா?

கொடைக்கானலில் பழைய பங்களா வாங்குகிறவர்களுக்கும் தேவாலயக் கமிட்டியில் இருக்கிறவர்களுக்கும் என்றாவது ஒருநாள் இந்தக் கேள்வி வரும். கூடத்து மூலையில் துணி போர்த்திய ஒரு கிராண்ட் பியானோ. மூடியைத் தூக்கினால் லண்டன், பெர்லின், லைப்சிக் என்று ஏதோ ஓர் ஊர்ப்பெயர். கால்வாசிக் கட்டைகள் அழுத்தினால் அழுந்தியபடியே கிடக்கின்றன. மீதியில் சுருதி இல்லை. இதை முழுதாகப் புதுப்பிக்கலாமா, வேண்டிய அளவுக்குப் பழுது பார்த்தால் போதுமா, கொடுத்துவிட்டு வேறு வாங்கிவிடலாமா?

இந்த மலைக்கும் மேற்கத்திய இசைக்கும் உள்ள உறவு நீண்டது. 1845-ல் மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனரிகள் இங்கே வீடு கட்டிக் குடியேறினார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்காக 1901-ல் தொடங்கிய ஹைகிளர்க் பள்ளிதான் இன்றைய கொடைக்கானல் இன்டர்நேஷனல் பள்ளி. மோட்டார் போகும் சாலை வருவதற்கு முன்பு கனமான சாமான்கள் எல்லாம் ஆட்களின் தோளில்தான் மலையேறின. மதராஸில் 1842-ல் தொடங்கிய மிஸ்க்வித் கம்பெனி பியானோ விற்றது. அண்ணா சாலையில் இன்றும் இருக்கும் மியூசி மியூசிக்கல் அதன் வழி வந்த கடைதான். அத்தனை பாடுபட்டு மேலே வந்த வாத்தியத்தை அவசரத்தில் முடிவு செய்து கெடுத்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீடுகளிலும் தேவாலயங்களிலும் இருக்கும் பழைய பியானோவுக்குப் பெரும்பாலும் நடுவழிதான் சரி: ஒலியெழுப்பும் பலகையான சவுண்ட்போர்டில் கை வைக்காமல், கம்பியும் ஹேமரும் ஃபெல்ட்டும் மாற்றி, நன்றாக ரெகுலேட் செய்து வாசிப்பது. முழுப் புதுப்பிப்பு ஒருசில வாத்தியங்களுக்கு மட்டுமே தகும். எந்த வழியில் போனாலும் செலவின் வரிசை ஒன்றுதான். முதலில் அறை, அடுத்து பின் பிளாக், பிறகு கம்பி, ஹேமர். பாலீஷ் கடைசி. நம் ஊரில் இந்த வரிசை தலைகீழாகத்தான் நடக்கிறது. தச்சரைக் கூப்பிட்டுப் பளபளவென்று வார்னிஷ் அடித்து முடித்த பிறகுதான் சுருதி நிற்கவில்லை என்று ட்யூனரைத் தேடுகிறார்கள்.

முடிவைத் தீர்மானிக்கும் மரத்துண்டு

கிராண்ட் பியானோவில் ஏறக்குறைய 230 கம்பிகள். எல்லாவற்றின் இழுவிசையையும் கூட்டினால் 18 முதல் 20 டன் வரை வரும். அந்தச் சுமையைத் தாங்குவது வார்ப்பிரும்புச் சட்டம். ஆனால் ஒவ்வொரு கம்பியின் சுருதியையும் பிடித்து நிறுத்துவது இரும்பு இல்லை, அதற்கு அடியில் ஒளிந்திருக்கும் பின் பிளாக் என்னும் கடினமரப் பலகை. அதில் துளையிட்டு இறுக்கமாக அடித்த ட்யூனிங் பின்னில்தான் கம்பி சுற்றப்பட்டிருக்கும். வீணையில் பிரடை வழுக்கினால் என்ன ஆகுமோ அதுதான் இங்கும் ஆகும். காலையில் சேர்த்த சுருதி சாயங்காலம் இறங்கிவிடும்.

ட்யூனரைக் கூப்பிட்டால் முதலில் இதைத்தான் பார்க்கச் சொல்ல வேண்டும். அவர் லீவரை மாட்டித் திருப்பும்போது பின் கெட்டியாக எதிர்த்து நின்று, பிறகு மெல்ல நகர வேண்டும். வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் சுற்றினால் பிடிப்பு போய்விட்டது என்று பொருள். நாலைந்து பின் மட்டும் தளர்ந்திருந்தால் அவற்றை எடுத்துவிட்டு ஒரு அளவு தடித்த பின் போடலாம். பரவலாகத் தளர்ந்திருந்தால், விலை குறைந்த வாத்தியத்துக்கு, பின்னைச் சுற்றி மெல்லிய சயனோஅக்ரிலேட் பசையை ஊறவிடும் முறை இருக்கிறது. மலிவானது, பல ஆண்டு தாங்கும், நான் அதைக் குறைவாகப் பேசமாட்டேன். பலகையே அடுக்கு விட்டுப் பிரிந்திருந்தால் புதுப் பின் பிளாக்தான். அதற்குக் கம்பி முழுவதும் கழற்றி, இரும்புச் சட்டத்தை வெளியே தூக்க வேண்டும். அந்த நிலைக்கு வந்துவிட்டால் முழுப் புதுப்பிப்புக்குள் பாதி தூரம் போய்விட்டோம் என்று அர்த்தம். எந்தக் காரணத்துக்காகவும் பின்மேல் எண்ணெயோ துரு நீக்கும் ஸ்பிரேயோ போட விடாதீர்கள். அது மரத்துக்குள் இறங்கிவிட்டால் பலகை அதோடு போயிற்று.

கொடைக்கானலில் மட்டும் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஊர் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழையும் மூடுபனியும் வீட்டுக்குள்ளேயே புகுந்துவிடும். மரம் ஈரம் குடித்து உப்பும். ஜனவரியிலிருந்து மார்ச் வரை வெயிலும் உறைபனியுமாகக் காற்று காய்ந்துவிடும், மரம் சுருங்கும். உப்பிய மரம் தளர்ந்த பின்னையும் பிடித்துக்கொள்ளும். நவம்பரில் நல்ல பியானோ என்று தோன்றுவது மார்ச்சில் வேறு முகம் காட்டுவது இதனால்தான். விலைக்கு வாங்குவதானாலும் பழுதுக்கு மதிப்பீடு கேட்பதானாலும் பிப்ரவரி, மார்ச்தான் நேர்மையான மாதங்கள்.

நீங்களே பார்க்கக்கூடியவை

பிளாக்கைப் பார்க்க ட்யூனர் வேண்டும். மற்றவற்றை ஒரு டார்ச் இருந்தால் நாமே பார்க்கலாம். முதலில் இரும்புச் சட்டம். அதில் விரிசல் கண்டால் அந்த வாத்தியத்தை அங்கேயே விட்டுவிடலாம். வார்ப்பிரும்பைத் திரும்ப நம்பும்படி ஒட்டுவது அபூர்வம். அடுத்து கீழே படுத்து சவுண்ட்போர்டைப் பாருங்கள். அதில் நீளவாக்கில் பிளவு தெரிந்தால் பயப்பட வேண்டாம். குறுக்கே ஓடும் விலா மரங்கள் ஒட்டியபடி இருந்து, தட்டினால் கடகடவென்று அதிராமல் இருந்தால் பிளவோடேயே நன்றாகப் பாடும். ஒரு நூலை விலா மரத்தின் இரு முனைக்கும் இழுத்துப் பிடியுங்கள். நடுவில் நூலுக்கும் மரத்துக்கும் இடைவெளி தெரிந்தால் பலகையின் வளைவு இன்னும் மிச்சமிருக்கிறது. அந்த வளைவுதான் கம்பியின் அழுத்தத்துக்கு ஈடுகொடுத்து ஒலியை எழுப்புகிறது.

பிறகு பூச்சி. கட்டைகளின் அடியிலும் ஹேமரிலும் இருக்கும் கம்பளி ஃபெல்ட்டை அந்துப்பூச்சி அரித்திருக்கும், எலி கூடு கட்டியிருக்கும். பார்க்க அருவருப்பாக இருந்தாலும் இது சுலபமாகத் தீரும் பழுது. கறையான் சாதாரணமில்லை; உடலின் அடிப்பலகையில் மண்கோடு தெரிந்தால் முதலில் அதற்கு வைத்தியம்.

சுருதி எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை போனில் உள்ள ட்யூனர் ஆப்பே சொல்லிவிடும். நடு ஏ சுரத்துக்கு 440 ஹெர்ட்ஸ் என்பது 1939-ல் லண்டனில் நடந்த மாநாட்டில் ஒப்புக்கொண்ட அளவு. அதற்கு முந்தைய ஐரோப்பிய வாத்தியங்கள் பல 435-க்குச் சேர்க்கப்பட்டவை. பல ஆண்டு தொடாத பியானோ அரை சுரம் இறங்கியிருப்பது சகஜம். அதை ஒரே நாளில் 440-க்கு ஏற்றினால் துருப்பிடித்த கம்பிகள் வரிசையாக அறுந்து போகும். பாடகர் குழுவோடோ வேறு வாத்தியங்களோடோ வாசிப்பதில்லை என்றால், தனக்குத்தானே சுருதி சேர்த்து, சற்றுத் தாழ்வாகவே வைத்துக்கொள்வது தப்பே இல்லை.

எந்த வாத்தியத்துக்கு எந்த வழி

முழுப் புதுப்பிப்பு என்றால் புதுப் பின் பிளாக், புதுக் கம்பி, புது ஹேமர், தேவைப்பட்டால் ஸ்புரூஸ் மரத்தில் புது சவுண்ட்போர்டு. தென்னிந்தியக் காடுகளில் ஸ்புரூஸ் இயல்பாக வளர்வதில்லை. தேக்கோ யூகலிப்டஸோ அதற்கு மாற்றாகாது. பொருள் எல்லாம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், வேலை மாதக்கணக்கில் நீளும், செலவு நிமிர்ந்து நிற்கும் புது அப்ரைட் பியானோவின் விலையைத் தாண்டிப் போகும். இவ்வளவு போட்டுத் திரும்பக் கிடைப்பது எதில்? ஸ்டைன்வே, பெக்ஸ்டைன், ப்ளூத்னர் போன்ற வாத்தியங்களில், அதுவும் 180 சென்டிமீட்டருக்குக் குறையாத நீளமுள்ளவற்றில். இந்த மூன்று கம்பெனிகளும் தொடங்கியது 1853-ல்தான் என்பது ஆச்சரியமான ஒற்றுமை. ப்ளூத்னர் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதன் பழைய வாத்தியங்களில் ஹேமரைக் கம்பியில் அடிக்க வைக்கும், அந்தக் கம்பெனிக்கே உரிய தனி ஆக்‌ஷன் இருக்கும். உதிரி பாகம் கிடைப்பது கடினம், அதைப் பார்த்துப் பழகிய கைகளும் குறைவு. ஒலி அற்புதமாக இருக்கும் என்பதால் விட்டுவிடச் சொல்லமாட்டேன். அதில் கை வைத்த அனுபவம் உண்டா என்று கேட்டபிறகே ஒப்படையுங்கள்.

இதற்கு நேரெதிர், இரண்டு உலகப் போர்களுக்கும் இடையில் பிரிட்டனில் வீட்டுக் கூடத்துக்காகச் செய்த குட்டி கிராண்டுகள். நீளம் 140 சென்டிமீட்டர் அளவில் இருக்கும். பார்க்க அழகு. ஆனால் பாஸ் கம்பி குட்டையாக இருப்பதால் கீழ் சுரங்கள் தெளிவாக ஒலிப்பதில்லை; எத்தனை லட்சம் போட்டாலும் அந்த நீளத்தைக் கூட்ட முடியாது. இவற்றை வாசிக்கும் நிலைக்குக் கொண்டுவரும் அளவுக்குப் பழுது பார்த்து நிறுத்திக்கொள்வதே புத்திசாலித்தனம். குழந்தை தேர்வுக்குத் தயாராகிறது, ஒலிதான் முக்கியம் என்றால் அந்தப் பணத்தில் உயரமான அப்ரைட் ஒன்று வாங்கிவிடுங்கள். அதன் பாஸ் கம்பி குட்டி கிராண்டின் கம்பிக்குக் குறைந்ததில்லை. டிஜிட்டல் பியானோவுக்கு ஈரமும் சுருதியும் தொல்லையில்லை. கற்கத் தொடங்குகிறவருக்குப் போதும். ஆனால் கிராண்டின் ஆக்‌ஷன் விரலுக்குக் கற்றுக்கொடுப்பதை அது முழுதாகத் தராது.

இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பவைதான் அதிகம்: பிராட்வுட், காலர்ட், சேலன், சாப்பெல் என்று நல்ல கம்பெனிப் பெயரோடு நடுத்தர நீளத்தில் நிற்பவை. சிலவற்றில் மூட்டுகளில் பித்தளைத் திருகுகள் தெரியும். பசை மட்டும் போதாது என்று காலனி நாடுகளின் தட்பவெப்பத்துக்காகவே அப்படிச் செய்தார்கள். பிளாக் கெட்டியாக இருந்தால் இவற்றுக்கு நடுவழியைத் தயங்காமல் எடுங்கள். அந்த வேலையில் ஒரு நிபந்தனை மட்டும் போடுங்கள். மரத்தோடு மரம் ஒட்ட வேண்டிய இடத்தில் வெள்ளைப் பசை வேண்டாம், பழைய வஜ்ஜிரப் பசைதான் வேண்டும். வஜ்ஜிரத்தைச் சூட்டாலும் ஈரத்தாலும் பிரித்துவிடலாம். வெள்ளைப் பசை போட்டால் அடுத்த முறை திறக்கிறவர் மரத்தையே பிளக்க நேரிடும்.

தந்தக் கட்டை உள்ள பியானோ என்றால் சட்டத்தையும் நினைவில் வையுங்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதற்கு 1991 வரை வந்த திருத்தங்களும் இந்தியாவில் தந்த வியாபாரத்தை முழுதாகத் தடை செய்துவிட்டன, ஆப்பிரிக்கத் தந்தம் உட்பட. விற்கவோ வாங்கவோ நினைத்தால் வனத்துறையிடம் கேட்காமல் ஒரு அடி எடுத்து வைக்காதீர்கள். உடைந்த ஒன்றிரண்டு தந்த வில்லைகளுக்குப் பதில் பிளாஸ்டிக் போடுவது போதும்.

மேலேயே பார்ப்பதா, கீழே அனுப்புவதா

முந்நூறு, நானூறு கிலோ எடையுள்ள வாத்தியத்தை வத்தலக்குண்டு வழியாகவோ பழனி வழியாகவோ கொண்டை ஊசி வளைவுகளில் இறக்கி ஏற்றுவதைக் கடைசி வழியாகவே வையுங்கள். முழுப் புதுப்பிப்புக்கு மட்டும்தான் அது தேவை. நடுவழிக்கு வேறு உபாயம் இருக்கிறது. கிராண்ட் பியானோவின் கட்டைகளும் ஹேமர்களும் சேர்ந்த ஆக்‌ஷன் ஒரே தட்டாக, மேஜை இழுப்பறையாட்டம் முன்பக்கம் வெளியே வரும். முன்னால் இருக்கும் மெல்லிய சட்டத்தையும் இரு ஓரத்து மரத்துண்டுகளையும் திருகு கழற்றி எடுத்துவிட்டு, இரண்டு பேர் சேர்ந்து நிதானமாக இழுக்க வேண்டும். அந்த நேரத்தில் ஒரு கட்டைகூட அழுந்தக் கூடாது. அழுந்தினால் ஹேமர் எழும்பி பின் பிளாக்கில் முட்டி, கழுத்து முறிந்துவிடும். முதல் தடவை பழகியவரை வைத்துக்கொண்டே செய்யுங்கள். அந்தத் தட்டை ஒரு காரின் பின்பக்கம் வைத்து சென்னைக்கோ பெங்களூருக்கோ அனுப்பி, ஃபெல்ட், ஹேமர் வேலையை அங்கே முடித்து வாங்கிக்கொள்ளலாம். கம்பி மாற்றுவதும் சுருதி சேர்ப்பதும் மட்டும் மேலேயே நடக்க வேண்டும். வெளியூரிலிருந்து வண்டியில் வருகிற ட்யூனருக்கு 2024 மே மாதத்திலிருந்து நடைமுறையில் உள்ள இ-பாஸை மறக்காமல் எடுக்கச் சொல்லுங்கள்.

முழு வாத்தியத்தையும் அனுப்பியே தீர வேண்டும் என்றால், திரும்பி வந்ததும் சுருதி சேர்க்க வேண்டாம். இரண்டு மூன்று வாரம் அதே அறையில் நிற்கட்டும். மரம் இந்தக் காற்றுக்குப் பழகட்டும். புதுக் கம்பி இழுபட்டுக்கொண்டே இருக்கும் என்பதால் முதல் ஆண்டில் மூன்று நான்கு முறை ட்யூனிங் வேண்டும். அதற்கான பணத்தையும் மதிப்பீட்டிலேயே சேர்த்துவிடுங்கள்.

கடைசியாக அறை. கணப்படுப்பின் பக்கம் வேண்டாம், ஜன்னலோரம் வேண்டாம், மழை அடிக்கும் வெளிச்சுவரோடு ஒட்டியும் வேண்டாம். சில நூறு ரூபாய்க்கு ஈரப்பத மீட்டர் கிடைக்கிறது, அதை வாங்கி பியானோமேல் வையுங்கள். 45 முதல் 55 சதவீதத்துக்குள் நின்றால் நிம்மதி. மழைக்காலத்தில் உள்ளே ஒரு குறைந்த வாட் பல்பையோ ஹீட்டர் கம்பியையோ எரியவிடுவது நம் ஊரில் பழக்கம். நல்ல பழக்கம்தான், ஆனால் பல வீடுகளில் அது வருஷம் முழுவதும் எரிகிறது. பிப்ரவரியின் வறண்ட காற்றோடு அந்தச் சூடும் சேர்ந்தால் சவுண்ட்போர்டு பிளந்துவிடும். மீட்டர் 45-க்குக் கீழே இறங்கியதும் பல்பை அணைத்துவிடுங்கள்.

எந்த வழியும் ஒத்துவரவில்லை, இந்தப் பியானோ இனி பாடாது என்று ட்யூனர் சொல்லிவிட்டால் அதை விறகுக்கு உடைக்காதீர்கள். அதன் ஹேமர் கம்புகள், பெடல் பித்தளை, டேம்பர்கள், கட்டைகள் எல்லாம் இன்னொரு பழைய பியானோவை எழுப்பப் பயன்படும். அவரிடமே கேளுங்கள், எடுத்துக்கொள்ள அவர் தயாராகவே இருப்பார்.