இணைய விளையாட்டில் அன்றாட வாழ்வு: ஒரு தோட்டப்புறப் பார்வை

முன்னுரை

இணைய விளையாட்டு என்றதும் பெரியவர்களின் மனத்தில் தோன்றுவது வெட்டு, குத்து, கொலை. அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஆயினும் பலர் ஒரே நேரத்தில் கூடி விளையாடும் மாய உலகக் கதைமாந்தர் விளையாட்டுகளை உற்று நோக்கினால் ஒன்று புலப்படும். அங்குச் செல்வோர் பலர் சண்டையே போடுவதில்லை. மீன் பிடிக்கிறார்கள், மரம் வெட்டுகிறார்கள், சமைக்கிறார்கள், பயிர் வளர்க்கிறார்கள். அரக்கர்களும் பறவை நாகங்களும் உலவும் உலகில் ஏன் இந்தச் சில்லறை வேலைகள்? நான் ஆறு ஆண்டுகளுக்கும் மேலாக ஆடிவரும் ‘ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்’ என்ற விளையாட்டைச் சான்றாகக் கொண்டு, இக்கேள்வியைப் பேராக் மாநிலத் தோட்டப்புற வாழ்வோடு ஒப்பிட்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

விளையாட்டின் அமைப்பு

இங்கிலாந்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ கோவர் தம் சகோதரர்களுடன் உருவாக்கிய ரூன்ஸ்கேப் 2001ஆம் ஆண்டு வெளிவந்தது. காலப்போக்கில் அது பெரிதும் மாறிவிட, பழைய வடிவமே வேண்டும் என ஆட்டக்காரர்கள் கேட்டனர். அதனால் 2007ஆம் ஆண்டின் படியைக் கொண்டு 2013இல் ‘ஓல்டு ஸ்கூல்’ பதிப்பு பிறந்தது. 2018இல் அது கைப்பேசிக்கும் வந்தது. ஈப்போவில் இடைநிலைப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்த எனக்கும் என் நண்பர்கள் இருவருக்கும் அப்போதுதான் அறிமுகமானது.

இதில் சண்டைக்குரிய திறன்கள் ஏழு. சண்டை சாராத திறன்களோ அதைப் போல் இரு மடங்குக்கும் மேல். மீன்பிடிப்பு, சமையல், மரம் வெட்டுதல், தீ மூட்டுதல், சுரங்க வேலை, கொல்லுவேலை, உழவு, மூலிகை, வீடு கட்டுதல் எனப் பட்டியல் நீளும். திறன்கள் பெரும்பாலும் முதல் நிலையில் தொடங்கி 99 வரை ஏறும். 99ஆம் நிலைக்கு 1,30,34,431 புள்ளிகள் தேவை. 92ஆம் நிலையை அடையும்போதுதான் அதில் பாதி தூரம் கடந்திருப்போம். கடைசி ஏழு படிகள் முதல் தொண்ணூற்றிரண்டு படிகளுக்குச் சமம்!

புதிதாக வருபவருக்கு ஒரு தீவில் பயிற்சி தரப்படும். வாளேந்தக் கற்பிக்கும் முன் அங்கே கற்பிப்பவை: மரம் வெட்டித் தீ மூட்டுவது, வலை போட்டு இறால் பிடிப்பது, அதைச் சுடுவது, ரொட்டி செய்வது. அதன் பிறகு சுரங்கம். ஒரு கட்டி ஈயமும் ஒரு கட்டி செம்பும் தோண்டி உருக்கினால் வெண்கலம் கிடைக்கும். உண்மை வெண்கலத்தில் ஈயம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான், விளையாட்டில் சரிபாதி.

கிந்தாப் பள்ளத்தாக்கில் பிறந்தவன் ஈயத்தைக் கண்டால் நிற்காமல் போக முடியுமா? உலகின் வளமான ஈய வயல்களுள் ஒன்றாக விளங்கிய நிலம் இது. தஞ்சோங் துவாலாங்கில் 1938இல் கட்டப்பட்ட ஈயக்கப்பல் 1982 வரை மண்ணை வாரியது. 1985இல் உலகச் சந்தையில் ஈய விலை சரிந்ததும் எஞ்சிய சுரங்கங்களிலும் பெரும்பாலானவை ஒவ்வொன்றாக மூடப்பட்டன. நமக்கு மிஞ்சியவை ஈயக்குட்டைகள். என் தாத்தா மீன் பிடித்தது அத்தகைய ஒரு குட்டையில்தான்.

திணையும் திறனும்

தொல்காப்பியர் வகுத்த அகத்திணை இலக்கணத்தை நாம் முதல், கரு, உரி எனப் படித்திருக்கிறோம். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்துத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலியவை கருப்பொருள். அங்கு வாழும் மாந்தரின் உணர்வும் ஒழுக்கமும் உரிப்பொருள்.

இக்கண்ணாடியை அணிந்து பார்த்தால் விளையாட்டின் உலகம் நமக்குப் பழகிய உலகமாகிறது. அதன் கடற்கரை ஊர்களில் வலையும் உலர்மீனும் உண்டு, அது நெய்தல். வயலும் மாவரைக்கும் ஆலையும் உள்ள ஊர் மருதம். வேட்டையும் காட்டு மரமும் குறிஞ்சியையும் முல்லையையும் நினைவூட்டும். ‘வைல்டர்னஸ்’ எனும் வறண்ட நிலப்பகுதியில் பிற ஆட்டக்காரர்கள் நம்மைக் கொன்று பொருளைப் பறிக்கலாம். ஆறலைத்தல் நடக்கும் அந்நிலம் பாலையன்றி வேறென்ன?

இவ்வொப்பீட்டை வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. விளையாட்டை உருவாக்கியோர் தர முடிந்தது முதலும் கருவும் மட்டுமே. உரிப்பொருளை ஆடுவோர்தாம் கொண்டு வர வேண்டும். என் நண்பன் ஒருவன் இடைநிலைப்பள்ளி முடித்ததும் சிங்கப்பூரில் தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டான். ஞாயிறு இரவு அவன் இரவு வேலைக்குக் கிளம்பும் முன் நாங்கள் மூவரும் அந்த மாய உலகின் ஓர் ஆற்றங்கரையில் கூடுவோம். அங்குப் பேசுவது விளையாட்டைப் பற்றியன்று. அவன் அம்மாவின் இரத்த அழுத்தம், வீட்டுக்கு அனுப்பிய பணம், அடுத்த தீபாவளிக்கு விடுப்பு கிடைக்குமா என்பதே பேச்சு. கை மரத்தை வெட்டிக்கொண்டிருக்கும். 2023 முதல் ஒரே மரத்தைப் பலர் சேர்ந்து வெட்டினால் அனைவருக்கும் சிறிது கூடுதல் பயன் கிடைக்குமாறு விதியும் மாற்றப்பட்டது. கைக்கு வேலை இருந்தால் வாய்க்குப் பேச்சு வரும் என்பது அதை வடிவமைத்தவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

இது எங்களுக்கு மட்டும் நேர்ந்ததன்று. நார்வே நாட்டைச் சேர்ந்த மாட்ஸ் ஸ்டீன் தசைச் சிதைவு நோயால் 2014இல் தம் இருபத்தைந்தாம் வயதில் மறைந்தார். மகனுக்கு நண்பர்களே இல்லை என்று வருந்திய பெற்றோர், அவர் ‘வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்’ விளையாட்டில் எத்தனை பேருக்குத் துணையாக இருந்தார் என்பதை அவர் இறந்த பின்னரே அறிந்தனர். வெவ்வேறு நாட்டு நண்பர்கள் அவருடைய இறுதிச் சடங்குக்கு நேரில் வந்தனர். இவ்வரலாறு 2024இல் ஆவணப்படமாக வெளிவந்தது.

தாத்தா கேட்ட கேள்வி

இதுவரை எழுதியதைப் படித்தால் நான் விளையாட்டுக்கு வக்காலத்து வாங்குவதாகத் தோன்றும். கடந்த நெடுவிடுமுறை வரை என் எண்ணமும் அதுவே. அதற்கு முன் இரண்டாம் ஆண்டில் ஒரு பாடத்தில் தோற்று, அதை மறுபடி எடுக்க நேர்ந்தது. தேர்வுக்கு முந்திய வாரங்களில் என் மீன்பிடிப்பு 80களில் ஏறிக்கொண்டிருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

விடுமுறையில் ஒரு மாலை, வீட்டு ஐந்தடியில் அமர்ந்து விளையாடிக்கொண்டிருந்தேன். தாத்தா பக்கத்தில் வந்து திரையை எட்டிப் பார்த்தார். விளையாட்டில் நம் பையில் 28 பொருள்தான் அடங்கும். பை நிறைந்ததும் மீனைச் சமைக்கவோ கிடங்குக்குக் கொண்டு போகவோ நேரமாகும். ஆதலால் புள்ளியை விரைவாக ஏற்ற விரும்புவோர் பிடித்த மீனை அப்படியே தரையில் போட்டுவிட்டு மீண்டும் தூண்டில் போடுவர். நானும் அதையே செய்துகொண்டிருந்தேன்.

“ஏன்யா, புடிச்ச மீன எல்லாம் தரையில கொட்டுற?” என்றார்.

“சமைக்கப் போனா நேரம் ஆவும் தாத்தா. கொட்டிட்டா புள்ளி சீக்கிரம் ஏறும்.”

“அப்ப மீன வச்சு ஒனக்கு ஒரு வேலையும் இல்ல.”

நான் பதில் சொல்லவில்லை. அவரும் கோபத்தில் கேட்கவில்லை. உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார். பிறகு அவராகவே சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

தோட்டத்துப் பொழுது

1877இல் பேராக்கின் கோலகங்சாரில் நடப்பட்ட ஒன்பது கன்றுகள் இந்நாட்டு ரப்பரின் தொடக்கம். அதன்பின் வந்த தோட்டங்களில் நம் முன்னோர் வெட்டிய மரங்களுக்குக் கணக்கில்லை. பெரட்டுக்குப் பின் இருட்டிலேயே நிரைக்குப் போய், ஆளுக்கு ஏறத்தாழ ஐந்நூறு மரம். உளி ஆழமாகப் போனால் மரத்தில் காயம் பட்டுவிடும். மேலோட்டமாகப் போனால் பால் வராது. விளையாட்டில் வெட்டிய மரம் சிறிது நேரத்தில் மீண்டும் முளைக்கும். பால்மரமோ நட்டு ஐந்தாறு ஆண்டுகள் காத்திருந்தால்தான் முதல் மங்கு பாலைத் தரும்.

மங்கெடுத்து, பாலை ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்து வீடு திரும்பினால் பிற்பகல். அதன் பிறகு தொடங்குவதுதான் தாத்தா சொன்ன பொழுது. லயத்துக்குப் பின்னால் மரவள்ளி, கீரை, ஒன்றிரண்டு மாடு, கோழி. மாலையில் குட்டையில் தூண்டில்.

இங்கே நான் ஓர் ஆய்வாளனைப் போல் இடைமறித்து, “அப்ப அதெல்லாம் பொழுதுபோக்குதானே தாத்தா?” என்று கேட்டேன். கட்டுரைக்கு அந்த விடை வேண்டியிருந்தது. அவர் சிரித்தார்.

“சம்பளம் பத்தல. அதான் மீன் புடிச்சோம்.” சற்று நேரம் கழித்து, “ஆனா புடிக்கிறப்ப நல்லாத்தான் இருந்துச்சு” என்றார்.

இவ்விரண்டு வாக்கியங்களையும் சேர்த்தே கொள்ள வேண்டும். முதலாவதை விட்டுவிட்டால் தோட்ட வாழ்வைப் பொற்காலமாக்கும் பிழையைச் செய்வோம். இரண்டாவதை விட்டுவிட்டால் அம்மக்களை வெறும் உழைப்புக் கருவிகளாகப் பார்க்கும் பிழையைச் செய்வோம்.

வேலையும் விளையாட்டும் பிரியும் இடம் செயலில் இல்லை, தேவையில் இருக்கிறது. இதற்கு என் விளையாட்டிலேயே சான்று உண்டு. 2017 முதல் வெனிசுலா நாட்டின் நாணயம் மதிப்பிழந்தபோது, அந்நாட்டினர் பலர் இதே உலகில் நாள் முழுதும் பச்சை நாகங்களைக் கொன்று, கிடைத்த பொற்காசுகளை விதிக்குப் புறம்பாக வெளியில் விற்று உணவு வாங்கினர். நான் பொழுதைக் கழித்த அதே திரை அவர்களுக்கு வெட்டுக்காடு.

கிடங்கும் பாத்திரமும்

தாத்தா கடைசியாகச் சொன்னது பகிர்வைப் பற்றி. அவர்கள் லயத்தில் எட்டு வீடு. பெரிய விரால் கிடைத்தால் அக்கம்பக்கத்துக்கும் பாட்டி குழம்பு கொடுத்தனுப்புவார். பாத்திரம் வெறுமையாகத் திரும்பி வராது. முருங்கைக்கீரையோ இரண்டு முட்டையோ அதில் இருக்கும்.

விளையாட்டில் பாத்திரம் இல்லை, கிடங்கு உண்டு. நூற்றுக்கணக்கான வகைப் பொருள்களை அதில் சேர்த்து வைக்கலாம், எதுவும் கெடாது. கெடாத மீனைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்க வேண்டிய அவசரம் யாருக்கும் இல்லை. குளிர்சாதனப் பெட்டி இல்லாத லயத்தில் மீன் மறுநாள் வரை தாங்காது என்பதும் பகிர்வுக்கு ஒரு காரணமாக இருந்திருக்கலாம். ஆனால் காரணம் எதுவாயினும் விளைவு உறவு.

அத்தோட்டம் பின்னர்ச் செம்பனைக்கு மாறியது. ஒரு பகுதி வீடமைப்புப் பகுதியாயிற்று. எங்கள் குடும்பம் ஈப்போவின் ஓரத்தில் மலிவு விலை வீட்டுக்கு வந்தது. வீடு மாறியபோது வேலை மட்டும் போகவில்லை. மரவள்ளிக்கான மண்ணும் குட்டைக்குப் போகும் வழியும் சேர்ந்தே போயின. அவ்விடம் இல்லாத தலைமுறை அதைத் திரையில் தேடுகிறது என்றே நான் கருதுகிறேன்.

சொல் இழப்பு

அன்று நான் கண்ட மற்றொரு குறை மொழி சார்ந்தது. விளையாட்டில் உள்ள ஒவ்வொரு மீன்பிடிக் கருவியின் ஆங்கிலப் பெயரும் எனக்கு மனப்பாடம். தாத்தா ‘தக்கை’ என்றபோது, நீரில் மிதந்து மீன் கடித்ததைக் காட்டும் அச்சிறு பொருள் அது என்று விளங்கவில்லை. பிடித்த மீனைப் போடும் கூடை ‘பறி’ என்பதும் அன்றுதான் தெரிந்தது. ஆறாண்டு தமிழ்ப்பள்ளியில் படித்தவன் நான். எஸ்.பி.எம். தேர்வுக்குத் திணைகளை மனனம் செய்தவன். பரதவர் தொழில் எது என்று எழுதத் தெரிந்த எனக்குத் தூண்டிலின் உறுப்புகளைச் சொல்லத் தெரியவில்லை.

முடிவுரை

ஆகவே, மாய உலக விளையாட்டில் மக்கள் அன்றாட வேலைகளை நாடுவது பொருளற்ற செயலன்று. கைக்கு ஒரு வேலை, கண்முன் ஒரு வளர்ச்சி, பக்கத்தில் பேச ஓர் ஆள் என்ற மூன்றும் மனிதனின் பழைய தேவைகள். தோட்டம் அவற்றை வறுமையோடு சேர்த்துத் தந்தது. விளையாட்டு அவற்றை வறுமையின்றித் தருகிறது. ஆனால் மீனின்றித் தருகிறது.

நான் விளையாட்டை விட்டுவிடவில்லை. ஞாயிறு இரவுகளில் நண்பனுக்காகப் போகிறேன். மீனைக் கொட்டுவதை மட்டும் விட்டுவிட்டேன். தோற்ற பாடத்தைத் தேர்ந்துவிட்டேன். விடுமுறைகளில் தாத்தாவிடம் கேட்டுக் குறித்த தோட்டத்துச் சொற்கள் ஒரு பயிற்சிப் புத்தகத்தில் நான்கு பக்கம் வந்திருக்கின்றன.

இதழைப் படிக்கும் நண்பர்களே, உங்கள் வீட்டிலும் காண்டா தூக்கிய தோள் ஒன்று இருக்கலாம். அடுத்த விடுமுறையில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அவர் அருகில் அமருங்கள். கேள்வி பெரிதாக இருக்க வேண்டியதில்லை. வேலை முடிந்து வந்தபின் என்ன செய்தீர்கள் என்று கேட்டால் போதும்.