தோல் ஊர்ப் பிள்ளைகளுக்கு ராக்

ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும்போது, “மாமா, இந்த இங்கிலீஷ் பாட்டெல்லாம் எங்கிருந்து ஆரம்பிக்கிறது?” என்று கேட்கிற ஆம்பூர்ப் பிள்ளைகளுக்கு இது. வரிசையை இஷ்டம்போல மாற்றிக்கொள்ளலாம், முதலாவதைத் தவிர.

1. பிளாக் சப்பாத்தில் தொடங்கு. பீட்டில்ஸில் தொடங்கச் சொல்கிறவர்கள் உண்டு. நல்லவர்கள்தான், அவர்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். சப்பாத்தின் கிடார்காரர் டோனி அயோமி பர்மிங்காமில் தகடு வேலை செய்த தொழிலாளி. பதினேழு வயதில், வேலையை விட்டு நிற்கப்போகிற கடைசி நாளில், பழக்கமில்லாத மெஷினில் அவரை நிறுத்தினார்கள். வலது கை நடுவிரல், மோதிரவிரல் இரண்டின் நுனியும் போயின. அவர் இடக்கைக்காரர், கம்பியை அழுத்த வேண்டியது அந்த வலது கைதான். பட்டறை மேனேஜர் ஒருவர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டைப் போட்டுக் காட்டினார். தீ விபத்தில் இரண்டு விரல் முடங்கிய பிறகும் கிடாரில் கொடிகட்டிப் பறந்தவர் ஜாங்கோ. அயோமி பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல்நுனிக்கு உறை செய்தார். அது கம்பியில் வழுக்கியது. பழைய தோல் ஜாக்கெட்டிலிருந்து துண்டு வெட்டி அதன்மேல் ஒட்டினார். பிடிப்பு வந்துவிட்டது. கட்டிங் பிரஸ்ஸில் நிற்கிற உனக்கு இந்தக் கதையை நான் விளக்க வேண்டியதில்லை.

விரல் நோகாமலிருக்க மெல்லிய கம்பி போட்டார், பிறகு கம்பியைத் தளர்த்திச் சுருதியையும் இறக்கினார். 1971-ல் வந்த ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’ ஆல்பத்தில் அந்த இறங்கிய சுருதி வயிற்றில் வந்து இடிக்கும். ஹெவி மெட்டல்காரர்கள் இன்றும் அதை வைத்துத்தான் பிழைக்கிறார்கள். 1970-ன் ‘பாரனாய்ட்’ முதலில், ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’ அடுத்து.

2. பாடகனை விட்டுவிட்டு டிரம்ஸைக் கேள். 1950-களின் பிற்பகுதிவரை மேல்நாட்டு டிரம்மிலும் கன்றுத்தோல்தான் கட்டினார்கள். அப்புறம் பாலியெஸ்டர் வந்தது. மழைக்காலத்தில் தளராது, எவ்வளவு ஓங்கி அடித்தாலும் தாங்கும். நம் தொழிலுக்கு ஒரு வாடிக்கை போனது, ராக்குக்கு ஒரு சத்தம் கிடைத்தது. அந்தச் சத்தம் எப்படியிருக்கும் என்று தெரிய, லெட் செப்பலினின் நான்காவது ஆல்பத்தில் கடைசிப் பாட்டைப் போடு. ஒரு பழைய பங்களாவின் மாடிப்படிக் கூடத்தில் ஜான் போனமை உட்காரவைத்து, மைக்கை மேல்மாடியிலிருந்து தொங்கவிட்டுப் பதிவு செய்தது. பறையை நெருப்பில் காய்ச்சி அடிக்கும்போது பக்கத்தில் நின்றவனுக்கு அது உடனே பிடிபடும்.

3. ரமோன்ஸ் முதல் ஆல்பம், 1976. பதினாலு பாட்டு, அரைமணி நேரம்கூட இல்லை. ஆம்பூரில் பஸ் ஏறி வாணியம்பாடியில் இறங்குவதற்குள் முடிந்துவிடும். நாலு பேரும் தோல் ஜாக்கெட்டில் நிற்பார்கள். சகோதரர்கள் இல்லை, ‘ரமோன்’ என்பதைக் குடும்பப் பெயர் மாதிரி வைத்துக்கொண்டார்கள். வாசிப்பில் வித்தை எதுவும் இருக்காது. வித்தை வேண்டுமென்றால் வேறு கடைக்குப் போ.

4. கிளாஷின் ‘லண்டன் காலிங்’, 1979. இரட்டை ஆல்பத்தை ஒற்றை ஆல்பத்தின் விலைக்கே விற்க வேண்டும் என்று கம்பெனியிடம் மல்லுக்கு நின்றவர்கள். ரெகே, ஜாஸ், பங்க் எல்லாம் ஒரே பந்தியில் உட்கார்ந்திருக்கும். அவர்களுடைய ‘ஸ்ட்ரெய்ட் டு ஹெல்’ பாட்டின் துண்டை எடுத்துத்தான் ஈழத்துப் பெண் மாயா அருட்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில், ‘பேப்பர் பிளேன்ஸ்’ செய்தார். அது இருக்கிற 2007-ன் ‘காலா’ ஆல்பத்துக்கு அம்மாவின் பெயர். அதன் மேளச் சத்தத்தில் ஒரு பகுதி நம் சென்னையில் பதிவானது. முதல் ஆல்பம் ‘அருளர்’ அப்பாவின் இயக்கப் பெயர்.

5. தமிழில் இல்லையா என்று கேட்காதே, இருக்கிறது. பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்த்த ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதன்முதலாக மேடையேறியது. மேடையில் பத்தொன்பது பேர். கானாவும் ராப்பும் ராக்கும், கிடாருக்குப் பக்கத்திலேயே பறை. இடஒதுக்கீடு, மாட்டுக்கறி, அம்பேத்கர் என்று அவர்கள் பாடியதெல்லாம் நம் தெருவில் டீக்கடைப் பேச்சு. மேடையில் மைக் வைத்துக் கேட்க இத்தனை காலம் ஆகியிருக்கிறது. அந்தக் குழுவில் பாடிய அறிவு நம் அரக்கோணத்துப் பிள்ளை. ஆஃப்ரோவுடன் சேர்ந்து அவர் செய்த ‘தெருக்குரல்’ (2019) ஆல்பத்தைக் கேள். கிடார் குறைவுதான், ராப்தான். ஆனால் பங்க் என்று நான் எதைச் சொல்கிறேனோ அது முழுசாக அதில் இருக்கிறது. ‘ஸ்னோலின்’ என்ற பாட்டை வேலைக்கிடையே கேட்காதே, உட்கார்ந்து கேள். ஆலைக்கு எதிரான போராட்டத்தின்போது, 2018 மே 22 அன்று தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டில் இறந்த பெண்ணைப் பற்றியது. ஆலைக்கழிவு பாலாற்றை என்ன செய்தது என்று பார்த்து வளர்ந்தவர்கள் நாம், அந்தப் பாட்டு நமக்கு அந்நியமில்லை.

6. வீட்டில் உருது பேசுகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. பாகிஸ்தான் குழுவான ஜுனூனின் ‘ஆசாதி’ ஆல்பம், 1997. தபலாவும் ராக் கிடாரும் சேர்ந்து வரும், நடுவில் ஒரு பாட்டில் கவிஞர் இக்பாலும் வருவார். வாணியம்பாடி முஷாயிராவுக்குப் போகிற தாத்தாவிடம் அந்தப் பாட்டைப் போட்டுக் காட்டு, சண்டை வந்தாலும் வரட்டும். லண்டனில் பாகிஸ்தானிக் குடும்பத்துப் பையன்கள் 1979-ல் தொடங்கிய ‘ஏலியன் கல்ச்சர்’ என்ற பங்க் குழுவையும் தேடு. வந்தேறிகளால் நாடு மூழ்கிவிடும் என்ற தொனியில் தாட்சர் பேசிய பேச்சிலிருந்தே பெயரை எடுத்துக்கொண்டார்கள். குறும்பு என்றால் அது.

7. பாப்பாக்களே, ஷூ கம்பெனியில் நீங்கள்தான் அதிகம், பாட்டைப் பற்றிப் பேச வந்தால் பையன்கள்தான் வாய் திறக்கிறார்கள். எக்ஸ்-ரே ஸ்பெக்ஸின் 1978 ஆல்பத்தில் பாலி ஸ்டைரீன் கத்துவதைக் கேளுங்கள், பின்னால் சாக்ஸஃபோன். பிறகு காஸ்ட்லெஸ் கலெக்டிவில் பாடிய இசைவாணியின் கானா.

8. பேண்டு சேர்க்கப் போகிறீர்களா? முதலில் பேஸ் வாசிக்க ஒருவனைப் பிடியுங்கள். கிளாஷின் பால் சைமனன் வாசிக்கத் தெரியாமலேதான் சேர்ந்தார். ஸ்வரங்களின் பெயரை பேஸ் கிடாரின் கழுத்திலேயே எழுதிவைத்துப் பழகினார். ஆம்பூரில் தெருவுக்கு நாலு கிடார்காரன் இருக்கிறான், பேஸுக்குத்தான் இன்னும் ஆள் கிடைத்தபாடில்லை.