கூகைச் சோடியும் எலியடக்கமும்



நெற்பயிர் குடலைப் பருவத்தை அடைந்ததும் எலிகள் வரம்பை விட்டு வயலுக்குள் இறங்குகின்றன. தலவில, கற்பிட்டிப் பகுதிகளின் மணற்றரைத் தோட்டங்களிலோ அவை தென்னங் குரும்பையையும் காய்கறிப் பிஞ்சுகளையும் கடித்து அழிக்கின்றன. இவ்வெலிகளை இரவிலே தேடிப் பிடித்து உண்ணும் பறவை கூகை. இதன் முகம் இதய வடிவான வெண்தட்டுப் போன்றது. ஏனைய ஆந்தைகளைப் போல இது கூவுவதில்லை, கீச்சென்று அலறும். இவ்வலறலைக் கேட்டுச் சிலர் இதனைச் சாக்குருவி என அஞ்சிக் கல்லெறிந்து துரத்துவர். கூகைச் சோடியின் நடத்தையை அறிந்தோர் அவ்வாறு செய்யார்.

1. சோடி சேருங் காலம்

ஆண் பறவை எலியைக் கொணர்ந்து பேட்டுக்குக் கொடுக்கும். சில வேளைகளில் உண்ணாத எலிகள் கூட்டிற் குவிந்து கிடப்பதுமுண்டு. பேடு குறட்டை போன்ற ஒலி எழுப்பும். அது நோயுமன்று, சண்டையுமன்று. இரை கேட்கும் ஒலியாகும்.

2. அடைகாக்குங் காலம்

பேடு இரண்டு மூன்று நாட்களுக்கு ஒன்றாகப் பெரும்பாலும் 4 முதல் 7 முட்டைகள் இடும். முதல் முட்டையிலிருந்தே அடைகாக்கத் தொடங்கும். ஒரு முட்டை பொரிக்க ஏறத்தாழ ஒரு மாதம் செல்லும். அடைகாப்பது பேடு மட்டுமே. அது கூட்டை விட்டு நீங்காது. ஆண் கொணரும் இரையையே உண்டு வாழும்.

3. குஞ்சு வளர்க்குங் காலம்

முட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பொரிப்பதால், மூத்த குஞ்சுக்கும் கடைக்குட்டிக்கும் இரு வார வேறுபாடும் இருக்கலாம். முதல் இரண்டு மூன்று வாரங்கள் பேடு உடனிருந்து இரையைக் கிழித்து ஊட்டும். பின்னர் அதுவும் வேட்டைக்குச் செல்லும். குஞ்சுகள் பறக்க ஏறத்தாழ இரண்டு மாதங்கள் ஆகும். ஒரு சோடி எலிகளை மிகுதியாகப் பிடிப்பது இக்காலத்திலேயே.

இதனால் நாம் அறிய வேண்டியது யாது? பேடு கூட்டிலிருக்கும் வாரங்களில் அக்குடும்பம் முழுவதும் ஆண் பறவை ஒன்றையே நம்பி இருக்கிறது. அது இறந்தால் பேடு பசியால் கூட்டைக் கைவிடும். முட்டைகள் குளிர்ந்து போகும், குஞ்சுகள் மடியும். குருதியை உறையவிடாது கொல்லும் எலிநஞ்சுகள், சிறப்பாகப் புரோடிபக்கம் போன்றவை, எலியை உடனே கொல்வதில்லை. நஞ்சுண்ட எலி சில நாட்கள் தளர்ந்து திரியும். அதனைக் கூகை எளிதிற் பிடித்துத் தானும் நஞ்சேறும்.

ஆதலால் பின்வருவனவற்றைக் கைக்கொள்க:

(அ) கூடுள்ள இடத்தைச் சுற்றி அந்நஞ்சுகளை வைக்காதீர். பொறியைப் பயன்படுத்துக. இறந்த எலிகளைப் புதைத்து விடுக.

(ஆ) முட்டையிடுங் காலத்திற் கூட்டை எட்டிப் பாராதீர். பேடு அஞ்சி நீங்கிவிடும். மரத்தடியிற் கிடக்கும் கரிய உருண்டைகளை உடைத்துப் பார்த்தாற் போதும். அவை கூகை கக்கியவை. அவற்றிலுள்ள எலும்பும் மயிரும் அது உண்ட எலிகளுக்குச் சான்று.

(இ) பொந்துள்ள பழைய மரங்களைக் காரணமின்றித் தறிக்காதீர். மரமில்லாத இடத்தில், இரண்டடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் உள்ள பலகைப் பெட்டியைப் பத்தடிக்கு மேல், மழை படாத இடத்திற் பொருத்தலாம். வாயில் ஐந்து அங்குலச் சதுரமாகவும், பெட்டியின் அடித்தளத்திலிருந்து ஒன்றரை அடி உயரத்திலும் இருத்தல் வேண்டும். இல்லையேற் குஞ்சுகள் வெளியே விழும்.

மலேசியாவின் எண்ணெய்ப் பனைத் தோட்டங்களிலும் நெல் வயல்களிலும் இத்தகைய பெட்டிகள் வைக்கப்பட்டன. இசுரேலில் ஒரு கூட்டுப் பண்ணை 1983 இல் இம்முறையைத் தொடங்கியது.

எனினும், கூகை மட்டுமே எலிகளை முற்றாக ஒழித்துவிடாது. வரம்பை ஓரடிக்கு மேற்படாத அகலத்திற் கட்டுதல், புல் பூண்டுகளை அகற்றுதல், அயலவர் யாவரும் ஒரே காலத்தில் விதைத்தல் ஆகியனவும் வேண்டும். இவற்றோடு கூகைச் சோடியையும் காத்தால், கூலி கேளாத இரவுக் காவலர் இருவர் உங்களுக்குக் கிடைப்பர்.