தவக்காலமும் தண்ணீர்க் குடமும்

மாசி போய்ப் பங்குனி வந்துவிட்டது. வேப்ப மரம் பூக்கிறது. புங்க மரத்தில் புதுத் தளிர். மாமரத்தில் வடு தொங்குகிறது. பார்க்க அழகான காலம். ஆனால் வெயிலும் ஏறுகிறது. தண்ணீரும் குறைகிறது.

இந்த நாட்களில்தான் கிறிஸ்தவர்களுக்குத் தவக்காலம். ஒரு கிறிஸ்தவ வீட்டில் இந்தக் காலம் எப்படிப் போகிறது? வாருங்கள், பார்ப்போம்.

தங்கவயல் வீடு

கர்நாடகத்தில் கோலார் தங்கவயல் இருக்கிறது. நூறு ஆண்டுகளுக்கும் மேல் இங்கே தங்கம் வெட்டினார்கள். சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் போனது. தமிழ் நாட்டுப் பக்கமிருந்து ஏராளமான பேர் வேலைக்கு வந்தார்கள். அவர்களுடைய பேரன் பேத்திகள் இன்றும் இங்கே தமிழ் பேசி வாழ்கிறார்கள்.

2001-ஆம் ஆண்டு சுரங்கத்தை மூடிவிட்டார்கள். இப்போது பலர் விடியும் முன்பே ரயில் ஏறுகிறார்கள். பெங்களூரில் வேலை செய்கிறார்கள். இருட்டிய பிறகு வீடு திரும்புகிறார்கள்.

தங்கம் எடுத்த பிறகு கொட்டிய மண், மலை போல நிற்கிறது. காற்று அடித்தால் அந்தத் தூசி வீட்டுக்குள் வரும். சோற்றுப் பானையை மூட வேண்டும். தண்ணீர்க் குடத்தையும் மூட வேண்டும்.

இங்கே ஒரு குடும்பம். அப்பா, அம்மா, பாட்டி, மூன்று பிள்ளைகள். மூத்தவளுக்கு 9 வயது. சின்னவனுக்கு 3 வயது. கைக்குழந்தைக்கு 4 மாதம். இது ஒரு வீட்டின் கதை மட்டும் அல்ல. பல வீடுகளில் நடப்பதுதான்.

நாற்பது நாள்

தவக்காலம் ஒரு புதன்கிழமை தொடங்குகிறது. அதன் பெயர் சாம்பல் புதன். போன ஆண்டுக் குருத்தோலையை எரித்த சாம்பலைக் கோவிலில் நெற்றியில் பூசுவார்கள். அன்று முதல் ஈஸ்டர் வரை, ஞாயிற்றுக்கிழமைகளை விட்டுவிட்டு எண்ணினால் 40 நாள்.

ஈஸ்டர் எல்லா ஆண்டும் ஒரே தேதியில் வராது. 2024-இல் மார்ச் 31-இல் வந்தது. 2025-இல் ஏப்ரல் 20-இல் வந்தது. ஏன்? மார்ச் 21-க்கு வரும் பௌர்ணமியை, அல்லது அதன் பிறகு வரும் முதல் பௌர்ணமியைப் பார்ப்பார்கள். அதற்கு அடுத்த ஞாயிறுதான் ஈஸ்டர்.

சாம்பல் புதன் அன்று அம்மா அடுப்பு மூட்டவில்லை.

"அத்தை, இன்னைக்கு நான் ஒருசந்தி" என்றாள்.

பாட்டி விடவில்லை.

"பால் குடுக்கிறவளுக்கு எதுக்கும்மா ஒருசந்தி? நீ சாப்பிடலைன்னா யாருக்குக் கஷ்டம்? முதல்ல சாப்பிடு."

பாட்டி சொன்னது சரி. ஒருசந்தி என்றால் ஒரு வேளை மட்டும் முழு உணவு. கத்தோலிக்கத் திருச்சபையில் இது 18 வயது முதல் 59 வயது வரை உள்ளவர்களுக்குத்தான். சிறு பிள்ளைகளுக்குக் கிடையாது. கர்ப்பிணிக்கும், பால் கொடுக்கும் தாய்க்கும், நோயாளிக்கும் விலக்கு உண்டு.

அம்மா சாப்பிட்டாள். ஒருசந்திக்குப் பதிலாக அவள் வேறு ஒன்றை விட்டாள். நாற்பது நாளும் யார் மேலும் கோபப்படுவதில்லை என்று முடிவு செய்தாள். அப்பா ஒரு வேளை டீயை விட்டார். அந்தக் காசு உண்டியலுக்குப் போயிற்று. மூத்தவளும் தினம் 2 ரூபாய் போட்டாள். இந்தக் காசு ஏழைகளுக்கு உதவக் கோவிலுக்குப் போகும்.

யுகாதி வந்தது. பக்கத்து வீட்டார் வேப்பம் பூவும் வெல்லமும் கொண்டுவந்து கொடுத்தார்கள். கசப்பும் இனிப்பும் கலந்ததுதான் வாழ்க்கை என்பது அதன் பொருள். கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளைகளும் வாங்கித் தின்றார்கள். முகத்தைச் சுளித்தார்கள். பிறகு சிரித்தார்கள்.

சின்னவனுக்கு வந்த நோய்

குருத்தோலை ஞாயிறு நெருங்கியது. குழாயில் மூன்று நாளாகத் தண்ணீர் வரவில்லை. அம்மா தெருக்கோடியில் இருந்து ஒரு குடம் கொண்டுவந்தாள். காய்ச்ச நேரம் இல்லை. சின்னவன் அந்தத் தண்ணீரை மொண்டு குடித்தான்.

மறுநாள் அவனுக்கு வயிற்றுப்போக்கு. காலையில் மூன்று முறை. மதியத்துக்குள் இன்னும் மூன்று முறை. கண் உள்ளே போயிற்று. உதடு காய்ந்தது. "தண்ணி, தண்ணி" என்றான்.

பாட்டி தடுத்தார்.

"தண்ணி குடுக்காதே. குடுத்தா இன்னும் போகும்."

அம்மா தவித்தாள். அப்பா வேலைக்குப் போயிருந்தார். மாமியார் பேச்சை எப்படித் தட்டுவது? பிள்ளையையும் பார்க்க வேண்டுமே!

அம்மா அறிவொளி வகுப்பில் படித்தவள். அங்கன்வாடியில் கொடுத்த ஒரு பொட்டலம் அலமாரியில் இருந்தது. அதில் உள்ள எண்களை அவள் படித்தாள். 1 லிட்டர் என்று இருந்தது. காலாவதி தேதியும் பார்த்தாள். இன்னும் ஓராண்டு இருந்தது.

அவள் கோபப்படவில்லை. அமைதியாகக் கேட்டாள்.

"அத்தை, ஒரு குடத்துல ஓட்டை இருக்கு. தண்ணி ஒழுகிட்டே இருக்கு. நாம ஊத்தாம விட்டா என்ன ஆகும்?"

"குடம் காலியாகும்."

"நம்ம பிள்ளையும் இப்ப அப்படித்தான், அத்தை. போற தண்ணியை நாம திரும்ப ஊத்தணும்."

பாட்டி சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "கொண்டா, நானே குடுக்கிறேன்" என்று டம்ளரை வாங்கினார்.

என்ன செய்தார்கள்?

1. அம்மா சோப்புப் போட்டுக் கை கழுவினாள்.
2. காய்ச்சி ஆறவைத்த 1 லிட்டர் தண்ணீர் எடுத்தாள். 1 லிட்டர் பாட்டிலால் அளந்தாள்.
3. முழுப் பொட்டலத்தையும் அதில் கொட்டிக் கலக்கினாள்.
4. ஒவ்வொரு முறை போன பிறகும் பாட்டி அரை டம்ளருக்குக் குறையாமல் கொடுத்தார். கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தார்.
5. வாந்தி எடுத்தபோது 10 நிமிடம் பொறுத்தார். பிறகு மெதுவாகக் கொடுத்தார்.
6. சோற்றையும் நிறுத்தவில்லை. குழைந்த சோறு கொடுத்தார்கள்.

இந்தத் தண்ணீரை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. மீந்தால் கொட்டிவிட வேண்டும். 200 மில்லி லிட்டருக்கான சிறு பொட்டலமும் உண்டு. அதனால் அளவைப் படித்துப் பார்த்த பிறகே கலக்க வேண்டும்.

பொட்டலம் இல்லையா? 1 லிட்டர் தண்ணீரில் 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. கரண்டியைத் தலை தட்டி அளக்க வேண்டும். உப்பு கூடக் கூடாது.

மாலையில் அங்கன்வாடி டீச்சர் வந்து பார்த்தார். ஜிங்க் மாத்திரை கொடுத்தார். "போறது நின்னாலும் 14 நாள் குடுக்கணும்" என்றார். கைக்குழந்தைக்குத் தண்ணீர் வேண்டுமா என்று பாட்டி கேட்டார். "6 மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும் போதும். வெயில் காலத்திலேயும் தண்ணி வேண்டாம்" என்றார் டீச்சர்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியது எப்போது?

பிள்ளை துவண்டு கிடந்தால், குடிக்க முடியாவிட்டால், குடித்ததை எல்லாம் வாந்தி எடுத்தால், மலத்தில் இரத்தம் வந்தால், வெகு நேரம் சிறுநீர் போகாவிட்டால் காத்திருக்கக் கூடாது. 108-க்குப் போன் செய்யுங்கள். போகும் வழியிலும், குடிக்க முடிந்தால், உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள்.

ஈஸ்டர் வந்தது

குருத்தோலை ஞாயிறு அன்று சின்னவன் நடந்தே கோவிலுக்குப் போனான். கையில் ஓலை பிடித்திருந்தான். பெரிய வியாழன் அன்று சாமியார் 12 பேரின் பாதங்களைக் கழுவினார். இயேசு தம் சீடர்களின் பாதங்களைக் கழுவியதை நினைக்கும் சடங்கு அது. பெரிய வெள்ளி அன்று சிலுவைப் பாதை, பிறகு கஞ்சி. சனி இரவு மெழுகுவத்தி ஏற்றி ஈஸ்டர் பூசை.

ஈஸ்டருக்குப் புதுச் சட்டை எடுக்கவில்லை. கடன் வாங்க வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டார். ஆனால் வீட்டில் கறிக்குழம்பு மணந்தது. பக்கத்து வீட்டுக்கும் ஒரு கிண்ணம் போனது. மூன்று பிள்ளைகளும் வாசலில் விளையாடினார்கள்.

அடுப்பில் தண்ணீர் தளதளவென்று கொதித்தது. பாட்டிதான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஆறிய தண்ணீரைக் குடத்தில் ஊற்றி மூடினார். "யாரும் கையை விடாதீங்க. நீண்ட கரண்டியில மொண்டு குடிங்க" என்றார்.

பயிற்சி

கணக்குப் போடுங்கள்:
மூத்தவள் தினம் 2 ரூபாய் போட்டாள். 40 நாளில் எவ்வளவு?
அப்பா தினம் 10 ரூபாய் போட்டார். 40 நாளில் எவ்வளவு?
இரண்டையும் கூட்டினால் எவ்வளவு?

கோடிட்ட இடத்தை நிரப்புங்கள்:
1 லிட்டர் தண்ணீருக்கு ____ தேக்கரண்டி சர்க்கரை, ____ தேக்கரண்டி உப்பு.
ஜிங்க் மாத்திரை ____ நாள் கொடுக்க வேண்டும்.

கூடிப் பேசுங்கள்:
பாட்டி சொன்னதில் எது சரி? எது தவறு?
உங்கள் வீட்டுக் குடத்துக்கு மூடி இருக்கிறதா?