கரகரப்புக்கு எண்ணெய் மருந்தல்ல

ஜூன் பிறந்து குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கினால், செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் ஈரக்காற்று ஆகஸ்ட் வரை தென்காசி, வடகரை, மேக்கரை வீடுகளுக்குள்ளேயே குடியிருக்கும். துவைத்த துணி காயாது. தோல் செருப்பில் பூஞ்சை பிடிக்கும். எலெக்ட்ரிக் கிதார் வைத்திருப்பவர்களுக்கு இந்த மாதங்களில் வரும் தொல்லை கரகரப்பு. பிளக்கைத் தொட்டால் ஆம்பில் படபடவென்று வெடிக்கும், பாட்டின் நடுவில் சத்தம் நின்றுபோகும். ஈரம் ஏறிவிட்டது என்று சொல்லி, பிளக்கைச் செருகும் ஜாக்குக்குள் டபிள்யூடி-40 ஸ்பிரே அடிப்பதுதான் பலரும் செய்யும் முதல் வைத்தியம். ஈரத்துக்கும் இதில் பங்குண்டு, மறுக்கவில்லை. ஆனாலும் ஜாக் பழுதில் முதலில் பார்க்க வேண்டியது உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தகட்டின் அழுத்தத்தைத்தான் என்பது என் அனுபவம் தந்த முடிவு. அழுத்தம் சரியாக இருக்கும் ஜாக், சாரலையும் தாங்கும். தளர்ந்துபோன ஜாக்கை எந்தத் திரவமும் காப்பாற்றாது.

காரணம் அந்த இணைப்பில் ஓடும் மின்சாரத்தின் அளவில் இருக்கிறது. சுழலும் மின்விசிறியின் சுவிட்சில் 230 வோல்ட்டில் சுமார் 0.3 ஆம்பியர் ஓடுகிறது. சுவிட்ச் போடும்போது எழும் சிறு பொறியே உலோகத்தின் மேல் படிந்த மெல்லிய களிம்புப் படலத்தை எரித்துவிடும். கிதார் பிக்கப் தருவதோ சில நூறு மில்லிவோல்ட். ஆம்பின் உள்ளீட்டுத் தடை சுமார் 10 லட்சம் ஓம் என்பதால், ஜாக்கைக் கடந்து ஆம்புக்குள் போகும் மின்னோட்டம் ஒரு ஆம்பியரில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. படலத்தை உடைக்கும் வலு அதற்குக் கிடையாது. அதை உடைப்பது தகடு பிளக்கை அழுத்திப் பிடிக்கும் பிடியும், பிளக் நுழையும்போது ஏற்படும் உரசலும்தான். இந்த 6.35 மில்லிமீட்டர் ஜாக் 19ஆம் நூற்றாண்டின் தொலைபேசி இணைப்பகப் பலகையிலிருந்து வந்தது. ஆபரேட்டர்கள் நாள் முழுக்கச் செருகி எடுத்துக்கொண்டிருந்த கருவி அது. ஒவ்வொரு செருகலும் படலத்தைத் துடைத்துவிடும்.

மின்னணுவியல் தெரிந்தவர்கள் இங்கே ஒரு கேள்வி கேட்பார்கள்: 10 லட்சம் ஓம் தடைக்கு முன்னால், களிம்பு சேர்க்கும் சில நூறு ஓம் என்ன செய்துவிடும்? நியாயமான கேள்வி. அந்தத் தடை நிலையாக இருந்தால் காதுக்கு ஒன்றுமே தெரியாது. தொடர்பு அறுந்து அறுந்து சேர்வதுதான் கரகரப்பாகக் கேட்கிறது. தளர்ந்த பிடிதான் அப்படி அறுக்கும். களிம்பு மட்டுமே தனியாக நின்று கெடுக்கும் இடமும் உண்டு. ஆம்பின் பின்புறம் எஃபெக்ட்ஸ் லூப்புக்கு (எஃபெக்ட் கருவிகளை இணைக்கும் வழிக்கு) உள்ள ரிட்டர்ன் ஜாக் பலவற்றில், பிளக் செருகாதபோது மூடியிருக்கும் ஒரு சிறு சுவிட்ச் தொடர்பு இருக்கிறது. யாருமே அதில் எதையும் செருகுவதில்லை. உரசல் இல்லாமல் படலம் வளர்ந்துகொண்டே போகும். ஒருநாள் ஆம்ப் சத்தம் குறைந்து மெலிந்துவிடும். அதே லூப்பின் சென்ட் ஜாக்கையும் ரிட்டர்ன் ஜாக்கையும் ஒரு சிறு கேபிளால் இணைத்துப் பாருங்கள். சத்தம் முழுதாகத் திரும்பினால் குற்றவாளி அந்தச் சுவிட்ச்தான். பலமுறை செருகி எடுத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

‘ஸ்பிரே அடித்ததும் சரியாகிவிட்டதே’ என்பார்கள். அடித்தபின் பிளக்கை நாலு தடவை உள்ளே வெளியே இழுத்திருப்பார்கள். பாதி வேலையை அந்த உரசலே செய்திருக்கும். டபிள்யூடி-40 ஈரத்தை விரட்ட 1953இல் உருவான கலவை. கரைப்பான் பறந்தபின் மிஞ்சும் எண்ணெய்ப் படிவு தூசியைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். அதைத் தயாரிக்கும் நிறுவனமே கான்டாக்ட் கிளீனரைத் தனி டப்பாவில் விற்கிறது என்பதைக் கவனியுங்கள். உப்புத்தாள் போடுவது இதைவிட மோசம். நிக்கல் முலாம் போய்ப் பித்தளை வெளியே வரும், அடுத்த சாரலில் அதில் பச்சைக் களிம்பு பூக்கும். தங்கமுலாம் பூசிய பிளக் கறுக்காது என்பது உண்மை. ஆனால் தளர்ந்த தகட்டை அது இறுக்கிவிடாது.

அதனால் வரிசையை மாற்றிக்கொள்வது நல்லது. முதலில் வேறு கேபிளைப் போட்டுப் பாருங்கள். பழியைச் சுமக்கும் ஜாக்குகளில் பல நிரபராதிகள். அடுத்து நட். அது தளர்ந்தால் ஜாக் முழுவதும் சுற்றும், உள்ளே சால்டர் செய்த வயர் முறுக்கி அறுந்துவிடும். உள்ளிருந்து ஜாக்கைப் பிடித்துக்கொண்டு நட்டை முடுக்க வேண்டும். பிறகு தகட்டை விரலால் மெல்ல உள்பக்கம் வளைத்து, பிளக் ‘டக்’கென்று உட்காரும்படி செய்யுங்கள். கடைசியாகத்தான் சுத்தம்: 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹாலைப் பஞ்சுக் குச்சியில் தொட்டுத் துடைத்து, உலரவிட்டுச் செருகுங்கள். கொரோனா காலத்தில் மீந்த சானிடைசர் இதற்கு ஆகாது. அதில் தண்ணீரும் கிளிசரினும் இருக்கும். ஆல்கஹால் கிதாரின் வார்னிஷில் பட்டால் சில பூச்சுகள் கரையும், அருகில் விளக்கோ ஊதுபத்தியோ இருந்தால் தீப்பிடிக்கும். வால்வு ஆம்பைத் திறக்கவே திறக்காதீர்கள். மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் உள்ளே உயிருக்கு ஆபத்தான வோல்டேஜ் தங்கியிருக்கும்.

உலோகத்தை அரிப்பது உப்புக்காற்றுதானே, இங்கே கடல் இல்லையே, அது எங்கிருந்து வரும் என்று கேட்கலாம். கோயில் கொடையில் இரவெல்லாம் வாசிக்கும் கையின் வியர்வையே உப்புதான். பிளக்கின் உலோக முனையை விரலால் பிடிப்பதை நிறுத்தி, கழற்றியதும் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டால் பாதித் தொல்லை குறையும். 9 வோல்ட் பேட்டரி போட்ட கிதார்களில் பிளக்கைச் செருகியே வைத்தால் பேட்டரி தீரும் என்பதால், பிளக்கைக் கட்டாயம் கழற்றத்தான் வேண்டும். சாரல் மாதங்களில் கச்சேரி இல்லாவிட்டாலும் வாரம் ஒருமுறை கிதாரை வெளியே எடுத்து, எல்லா ஜாக்கிலும் பிளக்கைச் சில தடவை செருகி எடுங்கள். இதற்குக் காசு ஒன்றும் செலவாகாது.