நாலு பேர் பார்க்கும் இடத்துக்குப் போகிறாய்

தாயி, திங்கட்கிழமை முதல் வேலைக்குப் போகிறாய். சுடிதாரா சேலையா, வாய் திறக்காமல் இருந்தால் மண்டைக்கனம் என்பார்களோ, பேசினால் வாயாடி என்பார்களோ என்று இரண்டு நாளாக வீட்டையே கேள்வியால் நிறைத்துவிட்டாய். திண்டுக்கல்லில் பூட்டுக்கடைக் கல்லாவில் உட்கார்ந்து வந்தவர் போனவர் முகமெல்லாம் பார்த்தவன் நான். பட்டுத் தெரிந்துகொண்டதை எழுதித் தருகிறேன்.

1. எல்லாரும் உன்னையே பார்க்கிறார்கள் என்ற பயத்தை முதலில் இறக்கி வை. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச் என்ற உளவியல் அறிஞரும் அவருடன் வேலை செய்தவர்களும் நடத்திய ஒரு சோதனை 2000இல் வெளிவந்தது. போட்டுக்கொள்ளவே கூச்சப்படும்படியான ஒரு பாடகர் படம் போட்ட பனியனை மாணவர்களுக்கு மாட்டி, சக மாணவர்கள் இருந்த அறைக்குள் ஒவ்வொருவராக அனுப்பினார்கள். பாதிப் பேராவது கவனித்திருப்பார்கள் என்று போனவர்கள் நினைத்தார்கள். விசாரித்துப் பார்த்தால், கவனித்தவர்கள் ஏறக்குறையக் கால்வாசிப் பேர்தான். அவரவர் தலைக்குள் அவரவர் கவலை, தாயி. நீ தடுமாறிச் சொன்ன ஒரு வார்த்தையை இரவெல்லாம் நினைத்துக்கொண்டு கிடப்பவள் நீ ஒருத்திதான்.

2. அதற்காக முதல் பார்வைக்கு மதிப்பே இல்லை என்று எண்ணிவிடாதே. ஆள் பாதி ஆடை பாதி என்று சும்மா சொல்லவில்லை. துவைத்த துணி, வாரிய தலை, சொன்ன நேரத்துக்குக் கால் மணி முன்னால் போய் நிற்பது, இவை போதும். வாசலில் இருக்கும் காவலாளிக்கும் கூட்டிப் பெருக்கும் அக்காவுக்கும் மேலாளருக்கும் ஒரே மாதிரி வணக்கம் சொல்.

3. உன் பெயரை ஊர்தான் வைக்கும். நம் ஊரில் நாகசாமி நாயுடு 1957இல் பிரியாணிக் கடை திறந்தபோது வைத்த பெயர் ஆனந்த விலாஸ். பலகையில் எழுதியிருந்தது ஒன்று, சனங்களின் வாயில் வந்தது வேறொன்று. அவர் தலையில் எப்போதும் தலைப்பாகை இருக்கும். ‘தலப்பாக்கட்டு’ கடைக்குப் போகலாம் என்றே பேசிப் பேசி அதுவே பெயராக நிலைத்தது. பிற்பாடு அந்தப் பெயருக்காக நீதிமன்றம் வரை வழக்குப் போனது. தலைப்பாகை கண்ணில் பட்டது என்பது உண்மை. ஆனால் சீரக சம்பா அரிசி குழைந்திருந்தால், கறி வேகாமல் இருந்தால், அதே தலைப்பாகையைச் சொல்லித்தான் ஊர் ஏசியிருக்கும். இப்படி ஒரு பேர் வாங்கவேண்டும் என்று திட்டம் போட்டு நடக்காதே. உன் இலையில் விழுகிற வேலையைச் சுத்தமாகச் செய். பேர் அதன் போக்கில் வரும்.

4. இது கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படி. எர்விங் கோஃப்மன் என்ற சமூகவியலாளர், 1950ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்து தீவில் தங்கி, அங்கிருந்த ஓட்டலைக் கவனித்தார். சாப்பாட்டுக் கூடத்தில் பணிவாக நிற்கும் அதே ஆட்கள், சமையலறைக் கதவைத் தாண்டியதும் வேறு நடை, வேறு பேச்சு. மனிதர்கள் எல்லாருக்கும் மேடை ஒன்று, மேடைக்குப் பின்பக்கம் ஒன்று உண்டு என்று எழுதினார். சரிதான். விருந்தாளி முன்னால் நைட்டியோடு நிற்காமல் சேலை மாற்றிக்கொண்டு வரும் உன் பாட்டி வேஷக்காரி ஆகிவிடமாட்டாள்; அது வந்தவருக்குத் தரும் மரியாதை.

முன்பக்கமும் பின்பக்கமும் வெகுதூரம் விலகிப் போவதில்தான் ஆபத்து. பக்கத்துக் கடையில் ஒரு வியாபாரி இருந்தார். வாடிக்கையாளரிடம் பேசும்போது வாயில் தேன் ஒழுகும். ஒருநாள் மொத்தமாகச் சரக்கெடுக்கும் ஒருவர், விட்டுப்போன மஞ்சள் பையை எடுக்கத் திரும்பி வந்தார். அந்த நேரம் பார்த்து உள்ளே வேலைக்காரப் பையனுக்கு அர்ச்சனை நடந்துகொண்டிருந்தது, எழுத முடியாத வார்த்தைகளில். வந்தவர் பையை எடுத்துக்கொண்டார், ஒன்றும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அந்தக் கடைப் படியே ஏறவில்லை. பின்கட்டில் பேசுவதை வாசலில் ஒருவர் கேட்டாலும் தலைகுனியாத அளவுக்கு மட்டும் பேசு.

5. தற்பெருமை வேண்டாம். சலித்துக்கொள்வதுபோலப் பெருமையடிப்பதும் வேண்டாம். “எல்லா வேலையையும் என் தலையிலேயே கட்டுகிறார்கள்” என்று சிரித்துக்கொண்டே சொன்னால் கேட்பவருக்குப் புரியாமல் போகாது.

6. தவறு நேர்ந்தால் அடுத்தவர் கண்டுபிடிக்கும் முன் நீயே சொல்லிவிடு. நம் திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைக் கையால் செய்தவர்கள் நாகல் நகரிலும் நல்லாம்பட்டியிலும் இருந்த சாதாரணத் தொழிலாளிகள். அவர்களில் ஒருவர் கதையைக் கேள். வேடசந்தூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர், சாவி சிக்குகிறது என்று நம் கடைக்கு ஒரு மாங்காய்ப் பூட்டைத் திருப்பிக் கொண்டுவந்தார். அதைச் செய்தவர் அன்று கடையில் இருந்தார். சாவியை இரண்டு தடவை திருப்பி, காதோரம் வைத்துக் கேட்டார். “லீவரை நான் சரியாக உட்கார வைக்கவில்லை ஐயா, என் தப்பு” என்றார். சாவியைக் குற்றம் சொல்லியிருக்கலாம், துருவைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்தக் குடும்பம் பிறகு எப்போது வந்தாலும் அவர் பெயரைச் சொல்லி, அவர் செய்த பூட்டையே கேட்டு வாங்கிக்கொண்டு போனது.

7. காந்தி 1921 செப்டம்பர் 22 அன்று பக்கத்து மதுரையில், மேலமாசி வீதியில் தங்கியிருந்தபோதுதான் அரையாடைக்கு மாறினார். கதர் வாங்க எங்களுக்கு வசதியில்லை என்று வழியில் ஏழைகள் சொன்னது அவர் மனதை அறுத்தது. பத்து ஆண்டு கழித்து 1931இல் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரைப் பார்க்கப் பக்கிங்ஹாம் அரண்மனைக்குப் போனபோதும் அதே உடைதான். இடத்துக்கு ஏற்ற துணி உடுத்து, தப்பில்லை. கொள்கை என்று ஒன்றை நீ எடுத்துக்கொண்டால் மட்டும் அது குடிசைக்கும் அரண்மனைக்கும் ஒன்றாக இருக்கட்டும்.

8. இன்னும் சில மாதத்தில் உனக்குப் பின்னால் ஒரு புதுப்பெண் வேலைக்கு வருவாள். துப்பட்டாவை இழுத்து இழுத்துவிட்டு, யாரிடம் பேசுவதென்று தெரியாமல் நிற்பாள். அன்று மத்தியானம் உன் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு போய் அவள் பக்கத்தில் உட்கார், தாயி. அவள் பெயரைக் கேள்.