சரிவு நிலங்களில் வெட்டிவேர் வரப்பு

பெருமழை ஓய்ந்தபின் மேட்டாங்காட்டு ஓடைகளில் செந்நீர் ஓடுவதைக் காணாத குடியானவர் இலர். அந்நீரைச் சிவக்கச் செய்வது அவருடைய நிலத்தின் மேல்மண்ணே. சென்ற ஆண்டு இட்ட எருவும் அதனுடன் போகின்றது. பயிருக்கு வேண்டிய சத்துப் பெரும்பாலும் மேலுள்ள சில அங்குல மண்ணிலேயே இருப்பதால், அது போயின் பட்டா எஞ்சுமேயன்றி நிலம் எஞ்சாது.

நீரின் வேகம் இரு மடங்காயின் அதன் அரிக்கும் வலிமை ஏறக்குறைய நான்கு மடங்காகின்றது. ஆகையால் ஓடும் நீரைத் தடுத்து நிறுத்துவதினும், அதனை மெல்ல நடக்கச் செய்வதே சிலாக்கியமானது. மண்வரப்பு நீரைத் தேக்கும். பெருமழையில் ஓரிடத்தில் உடையுமாயின் தேங்கிய நீர் முழுவதும் அவ்வழியே பாய்ந்து பள்ளம் பறிக்கும். நெருங்கி வளர்ந்த வெட்டிவேர் வரிசையோ நீரை வடியவிட்டு, மண்ணை மட்டும் மேற்புறத்தில் நிறுத்திக்கொள்ளும். வண்டல் படியப் படியத் தூரும் கணுக்களில் புதுவேர் விட்டு மேலெழும். இவ்விதம் சில ஆண்டுகளில், மண்வெட்டி எடாமலே சரிவு படிப்படியான தளங்களாக அமைகின்றது. வேர்கள் பக்கவாட்டில் அதிகம் படராமல், நல்ல மண்ணில் பத்தடி வரையும் நேர்கீழாக இறங்குவதால், அடுத்த சாலிலுள்ள சோளத்துக்கோ கடலைக்கோ பெரும் இடையூறில்லை.

இது புதிய வித்தையன்று. மைசூருக்குத் தெற்கே குண்டுலுப்பேட்டைப் பகுதிக் குடியானவர்கள் தலைமுறைகளாக வெட்டிவேரை எல்லை வேலியாக நட்டு வந்துள்ளனர். 1950-களில் பிஜித் தீவின் கரும்புச் சரிவுகளில் ஜான் கிரீன்பீல்டு என்பவர் இதனைக் கையாண்டார். 1980-களில் அவரும் ரிச்சர்டு கிரிம்ஷா என்பவரும் உலக வங்கியின் சார்பில் இந்தியாவில் இம்முறையைப் பரப்ப முற்பட்டனர்.

எனினும் எல்லைக்கல் சரிவை அறியாது. மண் காக்க நடும் வரிசை சமமட்டக் கோட்டிலேயே செல்லல் வேண்டும். அதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. இரண்டு கழிகளை மேல்முனையில் சேர்த்துக் கட்டி, கால்களை விரித்து, நடுவே குறுக்குக்கழி பிணைத்து, உச்சியிலிருந்து கொத்தனாரின் தூக்குக்குண்டைத் தொங்கவிடுக. கால்களை இரு முளைகளின்மேல் நிறுத்தி, நூல் குறுக்குக்கழியில் படுமிடத்தைக் குறித்து, பின்னர்க் கால்களை இடம்மாற்றி மீண்டும் குறிக்க. இரு குறிகளுக்கும் நடுவிடமே சமமட்டக் குறி. நூல் அக்குறியில் நிற்குமாறு காலைப் பெயர்த்துப் பெயர்த்து முளையடித்துச் சென்றால் கோடு கிடைக்கும்.

நூறடிக்கு ஐந்தடி தாழும் சரிவில், மூன்றடித் தாழ்வுக்கு ஒரு வரிசை வீதம், வரிசைகளுக்கிடையே அறுபதடி அமையும். அதன்படி ஏக்கருக்குச் சுமார் 725 அடி நீள வரிசையும், ஆறங்குலத்துக்கு ஒரு குத்தாக 1,450 குத்துக்களும் வேண்டும். சிக்கனம் கருதி ஓரடிக்கு ஒன்று நடுவது சிக்கனமன்று. விதையால் பரவாத தென்னிந்திய இனத்தின் தூரைப் பிளந்து, தழையை எட்டங்குலமும் வேரை நான்கங்குலமும் விட்டு நறுக்கி, குத்துக்கு இரண்டு மூன்று சிம்புகளாக, மண் நன்கு நனைந்தபின் நடுக.

இம்முறை தவறுமிடங்களில் காரணம் பெரும்பாலும் இடைவெளியே. வரிசை இல்லாத நிலத்தில் நீர் பரந்து ஓடும். ஒரு வாய் திறந்த வரிசையிலோ நீர் முழுவதும் அவ்வாய்க்கே வந்து சேர்ந்து கீழ்ப்புறத்தைப் பிளக்கும். ஆகவே அரைகுறை வேலியினும் வேலியின்மையே மேல் எனலாம். முதல் இரண்டாண்டுகள் பட்டுப்போன இடங்களை ஒவ்வொரு மழையிலும் நிரப்புதலும், இளந்தழையில் ஆடு வாய் வையாது காத்தலும், கொழு அணுகாமல் உழுதலும் இன்றியமையாதவை. முதலாண்டில் வரிசை வெறும் புல்லாகவே தோன்றும். பொறுமையிழந்து உழுதுவிடுவோர் நட்ட கூலியையும் இழப்பர். பின்னர் ஆண்டுக்கு ஓரிருமுறை ஒன்றரையடி உயரத்தில் அறுத்தால் தூர் பெருகும். அறுத்த தழை கூரைக்கும் நிலப்போர்வைக்கும் ஆகும். மரநிழலில் இப்புல் மெலியும்.

வேருக்கு விலையுண்டு என்பதே இதன் பெருஞ்சத்துரு. சரிவில் வேரைத் தோண்டுவோர் மழைக்குத் தாமே மண்ணைக் கிளறிக் கொடுக்கின்றனர். விற்பனைக்கு வேண்டின், கடலூர்க் கரையோர மணலிற்போல், சமநிலத்தில் தனியே பயிரிடுக. மலைச்சரிவு ஆழத்திலிருந்தே நழுவுமிடங்களில் இவ்வேர் மட்டும் தாங்காது. அங்கே முதலில் ஊற்றுநீர் வடிய வழி செய்தல் வேண்டும்.

சமமட்டக் கோடு ஒருவர் பட்டாவுடன் நிற்பதில்லை. மேல்நிலத்தார் நட்டுக் கீழ்நிலத்தார் விட்டாலும், நடுவிலொருவர் மறுத்தாலும் வரிசை அறுபடும். கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சித் தலைவரும் நடவுக்கு முன்னரே அண்டை நிலத்தாரை முளையடித்த கோட்டின்மேல் நிறுத்திப் பேசுவது உசிதம். ஊர்ப்பாதையோ வண்டித்தடமோ வரிசையைக் கடக்குமிடத்தில், தடம் பள்ளமாகிவிடாதபடி சமமட்டமாகக் கல் பாவி, அதன் இருபுறமும் புல்லை நெருக்கி நட ஏற்பாடு செய்க.